ஐந்து கேரவனுக்கு ஒரு வயல்: தனித்து நடத்துவதா, கிளப்பில் சேர்வதா?

பிரிட்டனில் சிறு பண்ணை வைத்திருப்பவர்களில் பலர், கோடைகாலத்தில் வயலின் ஓர் ஓரத்தைக் கேரவன்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடுதான் கேரவன். இன்ஜினும் வீடும் ஒரே வண்டியாக அமைந்தால் அது மோட்டார் கேரவன். ஊர் சுற்ற வருகிறவர்கள் வண்டியை வயலில் நிறுத்தி, ஓரிரு நாளோ ஓரிரு வாரமோ தங்கி, இரவுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் தேங்காத புல் நிலம், வண்டி திரும்ப வசதியான வாசல், குடிநீர்க் குழாய், கழிவைக் கொட்ட ஓர் இடம். இவை இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம்.

தொடங்கும் நாளிலேயே விவசாயி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பெரிய கேரவன் கிளப் ஒன்றின் பட்டியலில் சேர்ந்து நடத்துவதா, தன் பெயரில் தனித்து நடத்துவதா? அண்டை மாநிலமான கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, மறு ஆண்டே வாகமனில் தன் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. ஆகவே இந்தக் கேள்வி இங்கே வந்து சேர அதிக நாள் ஆகாது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் இதை நடத்திப் பார்த்த பிரிட்டிஷ் விவசாயிகளின் நிலையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அங்குள்ள சட்டத்தையும் கணக்கையும் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். சிறு நிலம் உடையவர் முதலில் கிளப்பில் சேர்வதே சரி. ஆனால் கிளப் தரும் சான்றிதழைச் சொத்தாக நினைத்து, அதன்மேல் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்புவது தவறு.

சட்டம் வைத்த வாசல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் கேரவன்கள் பெருகின. வீடு கிடைக்காதவர்கள் அவற்றில் நிரந்தரமாகவே குடியிருந்தார்கள். கடற்கரை ஊர்களில் விடுமுறைக் கேரவன்கள் வரிசையாக முளைத்தன. இதை ஒழுங்குபடுத்த 1960-ல் கேரவன் திடல்கள் பற்றிய சட்டம் வந்தது. அதன்படி கேரவன் திடல் நடத்த விரும்புகிறவர், நிலத்தை அவ்வாறு பயன்படுத்த முதலில் திட்ட அனுமதி பெற வேண்டும். பிறகு உள்ளூர் கவுன்சிலிடம் திடல் உரிமம் வாங்க வேண்டும். வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி, தீத்தடுப்பு, குடிநீர், சாக்கடை என்று உரிமத்தில் பல நிபந்தனைகள் உண்டு.

சிறு விவசாயிகளுக்காக இந்தச் சட்டத்தில் சில சிறு வாசல்கள் உண்டு. ஐந்து ஏக்கருக்குக் குறையாத நிலம் உள்ளவர், உரிமம் இல்லாமலே ஒரே சமயத்தில் மூன்று கேரவன் வரை, ஆண்டில் 28 நாட்களுக்கு மிகாமல் அனுமதிக்கலாம். 28 நாள் என்பது ஒரு கோடைக்குக்கூடப் போதாது. 

இன்னொரு வாசல் இதைவிட அகலமானது. அரசின் விலக்குப் பெற்ற ஒரு கிளப், ஒரு நிலத்தைப் பார்த்துத் தன் உறுப்பினர்கள் தங்கத் தக்கது என்று சான்று கொடுத்தால் போதும். அந்த நிலத்தில் ஒரே சமயத்தில் ஐந்து கேரவன் வரை நிறுத்தலாம். திட்ட அனுமதியும் வேண்டாம், திடல் உரிமமும் வேண்டாம். ஐந்து ஏக்கர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை.

இவ்வாறு சான்று கொடுப்பவற்றில் இரண்டு பெரிய கிளப்புகள் முக்கியமானவை. ஒன்று 1907-ல் தொடங்கிய கேரவன் கிளப். 2017-ல் கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் என்று பெயர் மாறியது. மற்றொன்று கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப். 1901-ல் சைக்கிளில் கூடாரம் ஏற்றிச் சென்றவர்கள் கூடி ஆரம்பித்த சங்கம் அது. முதல் கிளப்பின் சான்று பெற்ற ஐந்து வண்டித் திடல்கள் மட்டும் ஏறத்தாழ 2,000 உண்டு. அவற்றில் பல, பண்ணை வயல்களிலேயே நடக்கின்றன.

ஆகவே கிளப் சான்றை வெறும் விளம்பரப் பலகை என்று நினைக்கக் கூடாது. சட்டத்தின் முன் அதுவே அனுமதி. கிளப்பில் சேர்வதா வேண்டாமா என்று யோசிப்பவர்களில் பலர், ஆள் வருவார்களா என்பதை மட்டுமே எடை போடுகிறார்கள். அனுமதிச் செலவு மிஞ்சுவதுதான் முதல் லாபம்.

கிளப் கொடுப்பது என்ன?

அனுமதிக்கு அடுத்தது ஆள் வரவு. இரு கிளப்புகளுக்கும் லட்சக்கணக்கான உறுப்பினர்கள் உண்டு. சான்று பெற்ற வயலின் பெயர், வசதிகள், வழி ஆகியவை கிளப்பின் திடல் பட்டியலில் ஏறிவிடுகின்றன. பெரிய ரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே, வேலி நெருங்கிய குறுகிய பாதையில் இருக்கும் பண்ணைக்கு இது பெரிய உதவி. அந்தப் பாதையில் தற்செயலாக யாரும் வரப்போவதில்லை.

மூன்றாவது, வருகிறவர்களின் பழக்கம். கிளப் உறுப்பினர் விதி தெரிந்தவர். கழிவை எங்கே கொட்டுவது, வேலிக் கதவை மூடுவது, நாயைக் கட்டி வைப்பது எல்லாம் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடு மாடு உள்ள பண்ணையில் இது சிறு விஷயமல்ல. ஒரு கதவு திறந்து கிடந்தால் ஒரு மந்தையே ரோட்டில் நிற்கும்.

வாடகையைத் தீர்மானிப்பது விவசாயியே. முன்பதிவு வாங்குவதும், வருகிறவரை வரவேற்று இடம் காட்டுவதும், பணம் வாங்குவதும் அவர் வேலைதான். ஆகவே சேர்ந்தவுடன் கிளப்பின் கூலியாள் ஆகிவிடுவோம் என்ற பயம் தேவையற்றது.

தனித்து நிற்பவரின் நியாயம்

தனித்து நடத்த வேண்டும் என்பவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கிளப் சான்று பெற்ற வயலில் உறுப்பினர்கள் மட்டுமே தங்கலாம். பக்கத்து ஊரில் கல்யாணம். உறவினர் பத்துப் பேர் வண்டியோடு வருகிறார்கள். வயலில் இடமும் காலியாக இருக்கிறது. உறுப்பினர் இல்லாதவரைச் சேர்க்க வழியில்லை என்று சொல்லி அனுப்ப வேண்டும். ஆறாவதாக ஒரு வண்டி வந்தாலும் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் பத்து வண்டிக்குக் கேட்பு இருக்கும்போது ஐந்தோடு நிற்பது எந்த வியாபாரிக்கும் உறுத்தும்.

தனி அனுமதி வாங்கியவருக்கு இந்தக் கட்டு இல்லை. அனுமதித்த எண்ணிக்கைக்குள் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். அனுமதியில் இடமிருந்தால் கூடாரமும் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்ட அனுமதி பொதுவாக நிலத்தோடு ஒட்டியது. நிலம் கைமாறினாலும் அனுமதி கூடவே போகும். திடல் உரிமத்தை மட்டும் கவுன்சிலின் ஒப்புதலோடு பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். விற்கும் நாளில் அத்தகைய நிலத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

இங்கிலாந்தில் 2023 ஜூலை முதல் மற்றொரு வழியும் திறந்திருக்கிறது. கவுன்சிலுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, ஆண்டில் 60 நாள் வரை, 50 இடம் வரை தற்காலிக முகாம் நடத்தலாம். கழிப்பறைக்கும் குப்பைக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். ஆனால் இது கூடாரங்களுக்கும் மோட்டார் கேரவன்களுக்கும் மட்டுமே. காரில் இழுத்து வரும் கேரவன்களுக்கு இந்த விதியில் இடமில்லை. இதைக் கவனிக்காமல் இழுவை வண்டிகளை வரவழைத்தால் கவுன்சிலின் நடவடிக்கைக்கு ஆளாக நேரிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய 183 இரவுகள். ஐந்து வண்டி என்றால் மொத்தம் 915 இரவு வாடகை. எல்லா இரவும் எல்லா இடமும் நிரம்பாது. மழை பெய்யும், பள்ளிக்கூடம் நடக்கும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதாகவும், இரவுக்கு 20 பவுண்டு வாடகை என்றும் வைத்துக்கொள்வோம். 305 இரவுக்கு 6,100 பவுண்டு வரவு. இன்ஷூரன்ஸ், புல் வெட்டு, மின்சாரம், குப்பை அகற்றல் போக மிஞ்சுவது குடும்பத்துக்கு உபரி வருமானம். அது பண்ணையைத் தூக்கி நிறுத்தாது. ஆனால் கெட்ட ஆண்டில் தீவனக் கடனை அடைக்கும்.

இதையே 25 வண்டியாக்கினால், அதே கணக்கில் 30,500 பவுண்டு. கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 25 வண்டிக்குப் புல் தரை தாங்காது. கல் பரப்பிய பாதை வேண்டும். கழிப்பறை, குளியலறைக் கட்டடம் வேண்டும். இடத்துக்கு இடம் மின் இணைப்பு வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பம், வரைபடம், வாசலில் இருந்து ரோடு தெரிகிறதா என்ற சோதனை, பக்கத்து நிலத்தாரின் ஆட்சேபணை எல்லாம் உண்டு. இவ்வளவும் செய்த பிறகு அனுமதி கிடைக்காமலும் போகலாம்.

இதற்கு ஒரு லட்சம் பவுண்டு கடன் வாங்கிப் பத்து ஆண்டில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், அசல் மட்டும் ஆண்டுக்கு 10,000. வட்டி தனி. ஒரு கோடை கெட்டு வரவு பாதியானால் கையில் வருவது 15,250. அதில் அசலும் வட்டியும் ஆள் கூலியும் போனால் என்ன மிஞ்சும்? ஐந்து வண்டிக்காரருக்குக் கோடை கெட்டால் வருமானம் குறையும். 25 வண்டிக்காரருக்கு நிலமே ஆபத்துக்கு உள்ளாகும். அகலக் கால் வைப்பதற்கும் அளவாக வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வேலை யார் தலையில்?

கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு. அது வீட்டாரின் உழைப்பு. கேரவன்காரர்கள் அதிகம் வரும் ஜூன், ஜூலை மாதங்கள்தான் அங்கே வைக்கோல் புல் அறுத்துக் காயவைக்கும் காலம். ஆகஸ்டில் தானிய அறுவடை. ஆண்கள் டிராக்டரில் இருக்கும்போது, ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் வண்டியோடு நிற்பவருக்கு இடம் காட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் அல்லது வயதானவர்கள்.

ஐந்து வண்டியை ஒரு குடும்பம் பால் கறக்கும் வேலைக்கு நடுவே சமாளித்துவிடலாம். 25 வண்டி தனித் தொழில். அதற்குச் சம்பள ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பண்ணை வேலை பின்தங்கும். விவசாயத்துக்குத் துணையாக வந்த தொழில் விவசாயத்தை விழுங்கிவிட்டதா என்று ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து என்ற சட்ட வரம்பு விவசாயியைக் கட்டும் கயிறு என்றே பலர் குறை சொல்கிறார்கள். உண்மையில் அது வயலைக் காக்கும் வரப்பு.

சான்று சொத்தாகாது

இனி கிளப்பில் சேர்ந்தவர்கள் மறக்கக் கூடாத விஷயம். 1960-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தச் சான்று ஒரு தடவைக்கு ஓர் ஆண்டுக்கு மேல் செல்லாது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். கிளப் தன் விதியை மாற்றலாம், புதுப்பிக்காமலும் விடலாம். குறிப்பிட்ட நிலத்துக்கு இந்த விலக்குச் செல்லாது என்று உத்தரவிடும்படி கவுன்சிலும் மந்திரியிடம் கேட்கலாம். திட்ட அனுமதியைப் போல இந்தச் சான்று நிலத்தோடு ஒட்டியதல்ல. நிலத்தை வாங்குகிறவர் புதிதாகக் கிளப்பை அணுக வேண்டும்.

பிரிட்டிஷ் விவசாயிகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1933-ல் அமைந்த பால் விற்பனை வாரியம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள பால் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கொள்முதல்காரராக நின்றது. சிறியவர் பெரியவர் என்று பார்க்காமல் வண்டி வந்து பால் எடுத்தது. 1994-ல் வாரியம் கலைந்தது. அதற்குப் பின் ஒவ்வொருவரும் தனக்கு வாங்குபவரைத் தேடிப் பேரம் பேச வேண்டியதாயிற்று. கூட்டமைப்பு நல்லது. ஆனால் அது என்றும் நிற்கும் என்று நம்பி வேறு வழியே வைத்துக்கொள்ளாதவர் கஷ்டப்பட்டார்.

இன்றைய நிலையில் இது இன்னும் முக்கியம். இங்கிலாந்தில் நிலப் பரப்பின் கணக்கில் விவசாயிகளுக்குக் கிடைத்துவந்த அரசுத் தொகை 2021 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2027-ஓடு முடிந்துவிடும்படி திட்டமிடப்பட்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் பலர் கேரவனையும் கூடாரத்தையும் நாடுகிறார்கள். நிச்சயமாக வந்த பணம் போய்விட்டது என்பதற்காக, நிச்சயமில்லாத வருமானத்தை நம்பிக் கடன் வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

2001-ல் கோமாரி நோய் பரவியபோது பிரிட்டனில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நோய் பரவாமல் தடுக்க நாட்டுப்புற நடைபாதைகள் மூடப்பட்டன. நோயே இல்லாத பண்ணைகளுக்குக்கூட விருந்தாளிகள் வரவில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கிலும் திடல்கள் மூடிக் கிடந்தன. அந்த நாட்களில் கிளப்பில் இருந்தவர், தனித்து இருந்தவர் என்ற பேதம் உதவவில்லை. கடன் இருந்ததா இல்லையா என்பதே பேதமாக இருந்தது.

வயல் கெடாமல் நடத்த

எந்த வழியில் நடத்தினாலும் சில காரியங்கள் தவறக் கூடாது. மாடு மேய்ந்த வயலை அப்படியே கேரவனுக்கு விடக் கூடாது. மாட்டுச் சாணத்தில் இருக்கும் ஈ. கோலை ஓ157 என்ற கிருமி குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஆட்கள் தங்குவதற்கு மூன்று வாரம் முன்பே கால்நடைகளை அப்புறப்படுத்திச் சாணத்தை அள்ளிவிட வேண்டும். புல்லைக் குட்டையாக வெட்டி, வெட்டிய புல்லையும் அகற்ற வேண்டும் என்பது அங்குள்ள சுகாதார அறிவுரை. இதனால் மேய்ச்சல் நாள் குறையும். அந்த நஷ்டத்தையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கேரவன் கழிப்பறைகளில் ரசாயனம் ஊற்றுவார்கள். அந்தக் கழிவைப் பண்ணை வீட்டுச் செப்டிக் டாங்கில் யோசிக்காமல் விட்டால், கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செத்து டாங்கு வேலை செய்யாமல் போகும். கழிவு எங்கே போகிறது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கும் வண்டிக்கும் 6 மீட்டர் இடைவெளி, தீ பரவாமல் தடுக்கும்.

குத்தகை நிலமாக இருந்தால் நிலச்சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் ஒரு வண்டியைக்கூட ஏற்றக் கூடாது. விவசாயத்துக்கு மட்டும் என்று எழுதிய குத்தகையில் கேரவன் நிறுத்தினால், குத்தகையே போய்விடலாம். பண்ணை இன்ஷூரன்ஸ் வெளியாருக்கு ஏற்படும் விபத்துக்கும் பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவசியம்.

எப்போது தனித்துப் போகலாம்?

முதல் மூன்று நான்கு ஆண்டுகள் கிளப் சான்றில் ஐந்து வண்டியோடு நடத்த வேண்டும். வரவு, செலவு, காலி இரவு, திருப்பி அனுப்பிய வண்டி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதிவர வேண்டும். திருப்பி அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை, ஆகஸ்டில் மட்டுமல்லாமல் மே, செப்டம்பர் மாதங்களிலும் அதிகமாக இருந்தால்தான் பெரிதாக்குவதில் அர்த்தம் உண்டு. பள்ளி விடுமுறை ஆறு வாரக் கூட்டத்தை நம்பி ஆண்டு முழுவதும் வட்டி கட்ட முடியாது.

அப்படி உண்மையான கேட்பு இருந்து, வீட்டில் அதைத் தொழிலாக ஏற்று நடத்த ஓர் இளைஞரும் இருந்தால், அப்போது கவுன்சிலிடம் திட்ட அனுமதி கேட்கலாம். அதற்கான முதல் செலவு திடலின் சேமிப்பிலிருந்தே வர வேண்டும். நிலத்தை அடகு வைத்து வரக் கூடாது. அதுவரை மின் இணைப்பு, குழாய், வாசல் ஆகியவற்றை மட்டும் செம்மை செய்தால் போதும். நாளைக்குச் சான்று நின்றுபோனாலும் அவை பண்ணைக்குப் பயன்படும். கேரவனுக்கு மட்டுமே பயன்படும் கட்டடம் அப்படியல்ல.

கிளப்பில் சேர்வது கௌரவக் குறைவு அல்ல. தனித்து நிற்பது வீரமும் அல்ல. இரண்டும் பண்ணைக் குடும்பம் நிலத்தை விடாமல் பிழைப்பதற்கான வழிகள். எந்த வழி நிலத்தை அடகுக்கு அனுப்பாமல் வருமானம் தருகிறதோ, அதுவே சிறு விவசாயிக்கு ஏற்ற வழி. இன்றைய சட்டத்தில் அந்த வழி, கிளப் சான்றோடு ஐந்து வண்டியில் தொடங்குகிறது.